கிட் ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பகுதித் துரு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே சேர்க்கும் காரை, தன் கையாலேயே பூட்டி முடித்தவர்கள் அதன் மேல்பக்கத்தைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் துரு தெரிந்தால் மட்டும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: அண்டர்சீல் என்ற கறுப்பு அடிப்பக்கப் பூச்சு ஒரு டப்பா வாங்கி, தெரிந்த இடத்தையெல்லாம் கனமாக மூடிவிடுவது. மூடினால் துரு கண்ணில் படாது, அவ்வளவுதான். அடியில் அது வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை வெளியே தெரியும்போது அடிச்சட்டத்தின் இரும்புக் குழாயே ஓட்டையாகியிருக்கும்.

இந்த வகைக் கார்களில் துருவுக்கு முதல் காரணம் பூச்சு போதாமல் போவதல்ல, தண்ணீர் எங்கோ தங்கி நிற்பது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, தண்ணீர் வெளியேற வழி விட்டு, நன்றாகக் காயவைத்து, அதற்கப்புறம்தான் பூச வேண்டும். பூசுவதும் மெல்லியதாக, அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியும்படி, வருடா வருடம் புதுப்பிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் தயாராகும் சாதாரணக் காரில் முழு பாடியையும் பாஸ்பேட் கரைசலில் முக்கி, பிறகு மின்சாரம் பாயும் பெயின்ட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பெயின்ட் உள்ளறைகளுக்குள்ளும் போய்ப் படியும். கிட் காரின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வழியில் வந்த கார்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய இரும்புக் குழாய்களை வெல்டு செய்த கூண்டு, வெளியே மட்டும் பவுடர் கோட்டிங், உள்ளே வெறும் இரும்பு. வீட்டில் கட்டும் பல சேஸிஸ்களில் குழாய் 25 மி.மீ. சதுரம், அதன் சுவர் 1.6 மி.மீ. கனம்தான். அதில் அலுமினியத் தகட்டைப் பொருத்த நூற்றுக்கணக்கான ரிவெட் ஓட்டைகளை நாமே போடுகிறோம். கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல்கள் மாதிரி ஃபைபர் கிளாஸ் பாடி உள்ள கார்களில் குழாய் இன்னும் கனமாக இருக்கும். ஆனால் பாடி துருப்பிடிக்காது என்ற நிம்மதியில் அடியில் இருக்கும் சேஸிஸை எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

பார்க்கத் தொடங்கும் முன்

காரைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, நான்கு ஜாக் ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். மேலே பார்த்துச் சுரண்டும்போது துருத் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

கழுவுவதற்கு முன்பே ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். சேறு எங்கே படிந்திருக்கிறதோ அங்கேதான் ஈரமும் தங்கும். அந்த இடங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், ஆனால் அதிக அழுத்தத்தில் அடிக்க வேண்டாம். பிரஷர் வாஷரின் தண்ணீர் தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் புகுந்துவிடும், சாதாரண மழையில் அது அவ்வளவு தூரம் போகாது. கழுவிய பிறகு ஒரு நாளாவது காற்றோட்டமாக நிற்கட்டும். ஒரு மொட்டை ஸ்குரூடிரைவர், சின்ன சுத்தியல், கைக்கண்ணாடி, சாக்பீஸ், போனில் மாட்டும் குழாய்க் கேமரா இருந்தால் போதும்.

பவுடர் கோட்டிங் உப்பியிருக்கிறது அல்லது உரிகிறது

அதிகமாகக் காணப்படும் அறிகுறி இது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பவுடர் கோட்டிங் என்பது சுமார் 60 முதல் 80 மைக்ரான் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் தோல். தூளாக ஒட்டவைத்து, 180 - 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒரே படலமாக்குகிறார்கள். கெட்டியானது, பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு கல் பட்டுச் சின்னதாகப் பிளந்துவிட்டால், தண்ணீர் அந்த விளிம்பு வழியாக அடியில் ஊர்ந்து போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும்; அதனால் தோலை மேலே தள்ளும், தள்ளிய இடைவெளியில் இன்னும் தண்ணீர் போகும். ஈரத்தோடு ஒட்டிய பிளாஸ்திரி போல, வெளியே மூடியே இருக்கும், உள்ளே காயவே காயாது.

உப்பிய இடத்தைக் கத்தியால் கீறி, தோலைத் தூக்கிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அடியில் இருக்கும் இரும்பின் நிறத்தைப் பொறுத்தது.

அடியில் பழுப்புத் துரு, நடுவில் எங்கோ ஒரு கல்லடித் தடம், சுற்றிலும் கொஞ்ச தூரத்தில் தோல் இறுகப் பிடித்திருக்கிறது என்றால், இது கல்லடியிலிருந்து ஊர்ந்த துரு. அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். முன்சக்கரத்துக்குப் பின்னால் வரும் குழாய்கள், சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளின் முன்முகம், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் இது வரும்.

தோல் நீளநீளமாக உரிந்து வருகிறது, அடியில் இரும்பு பளிச்சென்று சுத்தமாகவோ நீலக்கறுப்பாகவோ இருக்கிறது என்றால் விஷயம் வேறு. கோட்டிங் போடும் முன் சாண்ட் பிளாஸ்டிங் சரியாகச் செய்யவில்லை, அல்லது குழாயோடு வந்த எண்ணெயும், இரும்பாலையிலேயே படிந்த கறுப்புப் படலமும் போகவில்லை. இதற்கு ஒட்டுப்போடும் வேலை உதவாது. ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த இடத்தில் உரியும். காரை முழுவதும் பிரித்து, சேஸிஸைப் பிளாஸ்ட் செய்து மறுபடி பூசுவதுதான் வழி. பெரிய வேலைதான், கேட்கவே அலுப்பாக இருக்கும். ஆனாலும் உரியும் தோலின் மேல் பணத்தைக் கொட்டுவதைவிட, கார் ஓடும் நிலையில் இருக்கும் வரை உரிந்த இடங்களில் துருத்தடுப்பு வாக்ஸ் தடவிக்கொண்டு, பிரிக்கும் நாளைத் திட்டமிடுவதே மேல் என்பது என் கருத்து.

வெல்டிங் கோடுகளில் மட்டும் உரிகிறதா? மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்து உருகும் மின்வெல்டிங்) முடிந்ததும் கோட்டின் மேல் கண்ணாடி போன்ற பழுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். வெல்டிங் கம்பியில் உள்ள சிலிக்கானிலிருந்து வருபவை அவை. அவற்றின் மேல் எந்தப் பூச்சும் நிலைக்காது; துணுக்கு கழன்றால் பூச்சும் கூடவே கழன்றுவிடும். வயர் பிரஷ் அதைப் பளபளப்பாக்குமே தவிர எடுக்காது. கூரான உளியாலோ சின்ன கிரைண்டராலோ தட்டி எடுக்க வேண்டும். வெல்டைத் தேய்த்து மெலிதாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு குழாய்கள் சேரும் உள்மூலைகளில் மட்டும் துரு என்றால், அங்கே பவுடர் சரியாகப் போய்ச் சேரவே இல்லை. மின்னூட்டம் பெற்ற தூள் விளிம்புகளைத்தான் நாடும், குறுகிய உள்மூலைக்குள் நுழையாது. பிரஷ்ஷால் எபாக்ஸி ப்ரைமரைக் குத்திக் குத்திப் பூசினால் அந்தக் குறை தீரும்.

இனிக் கல்லடித் துருவைச் சரிசெய்யும் முறை. தோல் இறுகப் பிடித்திருக்கும் இடம் வரை கத்தியால் தயங்காமல் சுரண்டிப் போங்கள். விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். இரும்பைப் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருமாற்றியைத் தொட்டு வையுங்கள். உதிரும் துருச் செதில்களின் மேலோ எண்ணெய்ப் பிசுக்கின் மேலோ அது வேலை செய்யாது. அலுமினியத்திலும் துத்தநாகம் பூசிய போல்டுகளிலும் அது படக் கூடாது. டப்பாவில் சொன்னபடி கழுவி, காயவைத்து, தின்னரால் துடைத்து, இரண்டு பகுதி எபாக்ஸி ப்ரைமர் இரண்டு கோட். அதன் மேல் பெயின்ட். கடைசியாக மெல்லிய தெளிவான வாக்ஸ்.

துத்தநாகம் அதிகமுள்ள ப்ரைமரைப் பலர் விரும்புகிறார்கள். அது இரும்போடு நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். துருவின் மேலோ துருமாற்றியின் மேலோ பூசினால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட். ஈரத்தை இழுத்து இறுகும் யூரிதேன் பூச்சுகள், உதாரணமாக பிஓஆர்-15, சொரசொரப்பான இரும்பை விடாமல் பிடிக்கும். பளபளப்பான பவுடர் கோட்டிங்கின் மேல் அப்படியே பூசினால் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி மொத்தமாக வந்துவிடும். தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே பூசுங்கள்.

ரிவெட்களிலிருந்து பழுப்புக் கோடு வழிகிறது

பார்த்ததும் பயப்பட வேண்டாம். முதலில் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்.

பாப் ரிவெட்டை (நடுவில் தண்டுள்ள, ஒரு பக்கத்திலிருந்தே பொருத்தும் ரிவெட்) அடிக்கும்போது அதன் தண்டு உடைந்து, தலைப்பகுதி உள்ளேயே நின்றுவிடும். அலுமினிய ரிவெட்களிலும் அந்தத் தண்டு பெரும்பாலும் இரும்புதான். கோடு ரிவெட்டின் நடுத்துளையிலிருந்து வந்தால், துருப்பிடிப்பது அந்தச் சின்னத் துண்டு. துடைத்துவிட்டு, துளையில் ஒரு துளி சீலன்ட் வையுங்கள். முடிந்தது.

கோடு ரிவெட் தலையின் விளிம்புக்கு அடியிலிருந்து வந்தால் அது குழாயின் துரு. அந்த ரிவெட் ஒன்றைத் துளைத்து எடுத்து, ஓட்டை வழியாகக் கேமராவை விட்டுப் பாருங்கள். டிரில் பிட்டில் பளிச்சென்ற இரும்புச் சுருள் வராமல் செந்தூளாக வந்தாலே பாதி பதில் கிடைத்துவிட்டது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மறுபடி அடிக்கும்போது பின்பக்கம் மூடிய ரிவெட்டைப் பயன்படுத்துங்கள், அதையும் சீலன்டில் தோய்த்து ஈரமாகவே அடியுங்கள். சாதாரண ரிவெட் நடுவில் திறந்தே இருக்கும். தரைத்தகட்டில் தேங்கும் தண்ணீர் அது வழியாகச் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் இறங்கும்.

குழாய்க்குள் தண்ணீர், அல்லது தட்டினால் உதிரும் சத்தம்

இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

முழுவதும் வெல்டு வைத்து அடைத்த குழாய் உள்ளே பெரிதாகத் துருப்பிடிக்காது. அடைபட்ட காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் தீர்ந்ததும் துரு நின்றுவிடும். அதில் ஓட்டை போட்டு ரிவெட் அடிக்கும்போது குழாய் மூச்சுவிடத் தொடங்குகிறது. பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அது உள்சுவரில் வியர்த்து அடியில் சேரும். வெளியே ஒரு புள்ளி துருகூட இல்லாமல் கீழ்க்குழாய் உள்ளிருந்து மெலிவது இப்படித்தான்.

காரின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கி இறக்கிக் காதைக் கொடுங்கள். தண்ணீர் ஓடும் சத்தம், செதில்கள் சரசரக்கும் சத்தம், இரண்டுமே கேட்கும். பிறகு கீழ்க்குழாய்களை ஒரு சாண் இடைவெளியில் சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். சத்தம் மந்தமாகும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, ஸ்குரூடிரைவரால் அழுத்துங்கள்.

ஸ்குரூடிரைவர் உள்ளே போனால், அல்லது குழாய் அமுங்கினால், நிறுத்துங்கள். இனி இது பூச்சு விவகாரமல்ல. பட்டி வைத்தோ ஃபைபர் கிளாஸ் ஒட்டியோ மறைக்காதீர்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பொருத்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் அந்தக் காரைச் சாலையில் ஓட்டவே கூடாது. கெட்ட பகுதியை வெட்டி, நல்ல குழாய் வைத்து, சேஸிஸ் வேலை தெரிந்தவர் வெல்டு செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்து, அருகிலுள்ள வாக்ஸையும் அண்டர்சீலையும் துடைத்துவிடுங்கள். இரண்டுமே தீப்பிடிக்கும்.

குழாய் கெட்டியாக இருந்து உள்ளே மேல்துரு மட்டும் என்றால் காப்பாற்றலாம். முதலில் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். புதிதாக ஓட்டை போடத் தோன்றும். அதற்கு முன், குழாயின் தாழ்ந்த முனையில் ஏற்கனவே இருக்கும் ரிவெட் ஒன்றை எடுத்துவிட்டாலே போதுமா என்று பாருங்கள். குழாய்கள் சேரும் முடிச்சுகளுக்கும் சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளுக்கும் பக்கத்தில் புது ஓட்டை போடாதீர்கள். விசை குவியும் இடங்கள் அவை, விரிசல் அங்கிருந்து தொடங்கும். கிட் தயாரித்தவர்களைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

தண்ணீர் வடிந்த பிறகு கம்ப்ரஸர் காற்றை மிதமாக விட்டுச் செதில்களை ஊதி எடுங்கள். வறண்ட இடத்தில் சில நாட்கள் நிற்கட்டும். இங்கே அவசரப்பட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். நன்றாகக் காய்ந்ததும் உள்ளறை வாக்ஸ். டினிட்ரால், பில்ட் ஹாம்பர் போன்ற பெயர்களில் கிடைக்கும். எல்லாப் பக்கமும் பீய்ச்சும் முனை கொண்ட நீளக் குழலோடு வருவதை வாங்குங்கள். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் வாக்ஸ் இளகி இடுக்குகளுக்குள் நன்றாக ஊரும். குழலை மறுமுனை வரை விட்டு, பீய்ச்சிக்கொண்டே பின்னால் இழுங்கள். அடுத்த ஓட்டைகளில் கசிந்து வந்தால் உள்ளே பரவியிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் வடிகால் ஓட்டைகளில் கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள். வாக்ஸ் அடைத்த வடிகால் இருந்தும் இல்லாததுதான். வேலை நடக்கும்போது கதவுகள் திறந்திருக்கட்டும், முகக்கவசம் போடுங்கள், பக்கத்தில் நெருப்போ ஹீட்டரோ கூடாது.

அலுமினியத் தகட்டின் விளிம்பில் வெள்ளைப் பொடி

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். ஈரத்தில் உப்பு கலந்திருந்தால் வேகம் பல மடங்கு. தகடு குழாயின் மேல் உட்காரும் கோட்டிலும், ஸ்டெயின்லெஸ் போல்டுகளைச் சுற்றியும் வெள்ளை வளையம் தெரிவது இதனால்தான்.

பொடியைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் சுத்தம் செய்து, விளிம்பில் வாக்ஸ் ஊற விட்டால் கொஞ்ச காலம் தள்ளலாம். குழிகள் தட்டுப்பட்டால், தகடு அடுக்கடுக்காகப் பிரிந்தால், அல்லது ரிவெட் தலைகள் ஆட்டம் கொடுத்தால், அந்தத் தகட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றியதும் அடியில் என்ன இருக்கிறதென்று கவனியுங்கள். ஈரம் உறிஞ்சும் ஃபெல்ட், ஸ்பாஞ்ச் டேப், இருக்கைக்கு அடியில் விரித்த கார்ப்பெட், சத்தம் குறைக்க ஒட்டிய பஞ்சு: இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் அகப்படும். திறந்த காரில் மழைத்தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்க முடியாது. ஆகவே அதைப் பிடித்துவைக்கும் எதையும் தகட்டோடு ஒட்ட வேண்டாம்.

அலுமினியத்தை இரும்பு வயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். இரும்புத் துணுக்குகள் அதில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கும். நைலான் நார் போதும். பிறகு எட்ச் ப்ரைமர் அல்லது எபாக்ஸி. குழாய்ப் பக்கத்திலும் பூச்சு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சியாக பாலியூரிதேன் சீலன்ட், அல்லது டுராலாக் போன்ற இணைப்புப் பசை. சீலன்ட் ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடித்து, பிதுங்கி வருவதை விளிம்பில் வழித்துவிட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ரிவெட்டா, அலுமினிய ரிவெட்டா? விசை தாங்கும் இடத்தில் கிட் தயாரித்தவர் சொன்னதை மாற்றாதீர்கள். மற்ற இடங்களில், பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் தலை இருப்பதால் அரிப்பு பரந்த பரப்பில் பங்கிடப்படும். தலைகீழாக, பெரிய இரும்புப் பரப்பில் சின்ன அலுமினிய ரிவெட் மாட்டிக்கொண்டால் அந்த ரிவெட் சீக்கிரமே காலி. எதுவானாலும் சீலன்டோடு அடிப்பதே முக்கியம். ஒரு கூடுதல் எச்சரிக்கை: கார்பன் ஃபைபர் பாகங்கள் அலுமினியத்தை இரும்பைவிட மோசமாக அரிக்க வைக்கும். நடுவில் கண்ணாடி இழைப் படலம் இல்லாமல் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

பழைய கறுப்பு அண்டர்சீல் வெடித்திருக்கிறது

தார் கலந்த பழைய வகைப் பூச்சுகள் வருடங்கள் போகப் போக இறுகி நொறுங்கும். மயிரிழை வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. விரலால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் இடங்களில் அடியில் துரு நிச்சயம். அதன் மேல் புதுக்கோட் அடிப்பது நிலைமையைக் கெடுக்கும்.

குழாய்களிலும் வெல்டுகளிலும் உள்ளதை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஹாட் ஏர் கன்னால் இளக்கி, ஸ்கிரேப்பரால் வழித்து, மிச்சத்தை வொயிட் ஸ்பிரிட்டால் துடைக்கலாம். நெருப்புச் சுடர் வேண்டவே வேண்டாம். தரைத்தகட்டின் நடுவில் இறுகப் பிடித்திருப்பதை விட்டுவைக்கலாம், அங்கே அது தீங்கு செய்யாது. கல்லடி அதிகம் படும் இடங்களுக்கு எபாக்ஸி ப்ரைமரின் மேல், இறுகினாலும் வளையக்கூடிய, பெயின்ட் ஏற்கும் கல்தடுப்புப் பூச்சு, அதன் மேல் தெளிவான வாக்ஸ். மற்ற இடங்களுக்கு வாக்ஸ் மட்டுமே போதும்.

வாக்ஸ் வெளுத்திருக்கிறது, சொட்டுகிறது, அல்லது காணவில்லை

பால் நிறமாக வெளுத்திருந்தால் ஈரத்தின் மேல் அடித்திருக்கிறார்கள். வொயிட் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, காயவைத்து மறுபடி அடியுங்கள். வெயிலில் சொட்டினால் கனம் அதிகம், அல்லது உள்ளறைக்கான மெல்லிய வாக்ஸை வெளியே அடித்திருக்கிறார்கள். சக்கரங்களுக்குப் பின்னால் மட்டும் காணாமல் போயிருந்தால் கவலையில்லை. தண்ணீர் நேராக அடிக்கும் இடம் அது. வருடத்துக்கு ஒரு முறை, ஈரமான பருவம் தொடங்கும் முன் அங்கே மட்டும் தொட்டுவிடுங்கள். லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த பூச்சுகள் இறுகாமல் கீறலைத் தாமே மூடிக்கொள்ளும், நீர் அடிக்கும் இடத்தில் சீக்கிரம் கழுவிப் போகும், கொஞ்ச நாள் ஆட்டுமந்தை வாசனையும் இருக்கும்.

பிரேக் டிஸ்க், பேட், எக்ஸாஸ்ட், ஆக்சிஜன் சென்சார், பெல்ட்டுகள் எதிலும் வாக்ஸ் படக் கூடாது. பெட்ரோலியக் கரைப்பான்கள் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள இயற்கை ரப்பர் புஷ்களை உப்ப வைக்கும், ஆகவே அவற்றையும் மூடிக்கொள்ளுங்கள். தவறி டிஸ்க்கில் பட்டுவிட்டால் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைக்காமல் காரை நகர்த்தாதீர்கள்.

விஷ்போன் போல்ட் அசைய மறுக்கிறது

போல்ட்டுக்கும் புஷ்ஷின் உள்குழாய்க்கும் நடுவே துரு இறுகியிருக்கிறது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள், திருப்பித் திருப்பி ஆட்டுங்கள், கடைசியில் வெட்டுங்கள். புது போல்ட்டின் தண்டில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மரையில் கிரீஸ் பட்டால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அதிகமாக இழுபடும் என்பதை நினைவில் வையுங்கள். 12.9 தரம் போன்ற உயர்வலு போல்டுகளைத் துரு நீக்கும் அமிலத்தில் ஊறப்போடக் கூடாது. ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, போல்ட் ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும்.

பிரேக் பைப்பில் துரு

இரும்பு பைப் என்றால் கிளிப்புகளைக் கழற்றி அடியில் பாருங்கள், ஈரம் தங்குவது அங்கேதான். மேல்நிற மாற்றம் மட்டும் என்றால் துடைத்து வாக்ஸ் தடவலாம். குழி விழுந்திருந்தால் தேய்க்கவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம், மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பைப் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. அது அலுமினியத் தகட்டை நேராகத் தொடாமல் ரப்பர் பதித்த கிளிப்பில் நிறுத்துங்கள்.

விளக்கு மங்குகிறது, மீட்டர் முள் ஆடுகிறது

வயரிங்கைப் பிரிக்கும் முன் எர்த் இணைப்புகளைப் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் பாடியில் மின்சாரம் திரும்ப வரும் வழி சேஸிஸ் அல்லது தனி வயர்தான். வயர் முனையில் உள்ள லக்குக்கு அடியில் பெயின்டையோ துருவையோ தேய்த்தெடுத்து, பளிச்சென்ற இரும்பில் இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாக்ஸ் தடவுங்கள். வரிசை மாறினால் வாக்ஸே தடையாகிவிடும்.

எத்தனை முறை சரிசெய்தாலும் அதே இடத்தில் திரும்ப வருகிறது

குழிகளின் அடியில் உப்பு மிச்சமிருக்கிறது. தேய்த்து இரும்பைப் பளிச்சென்று ஆக்கினாலும் குளோரைடு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், பூச்சு வழியாகவே ஈரத்தை இழுக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: தேய்த்த இடத்தை எதுவும் பூசாமல் ஈரக்காற்றில் ஓர் இரவு விடுங்கள். காலையில் குழிகளில் மட்டும் கரும்புள்ளிகள் தெரிந்தால் உப்பு போகவில்லை. சுத்தமான தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி பிளாஸ்ட் செய்து அல்லது தேய்த்து, புள்ளி வருவது நிற்கும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். அதற்கப்புறம் பூசினால் நிற்கும்.

உப்பும் இல்லை என்றால் கார் நிற்கும் இடத்தைப் பாருங்கள். நனைந்த காரைச் சூடான, காற்றோட்டமில்லாத அறையில் பூட்டி வைப்பது, குளிர்ந்த திறந்த கொட்டகையில் நிறுத்துவதைவிடக் கெடுதல். ஈரமும் சூடும் சேர்ந்தால் துரு வேகம் பிடிக்கும். மூச்சுவிடாத பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். உள்ளே போகும் முன் அடிப்பக்கம் வடியட்டும், அறையில் மின்விசிறியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ ஓடட்டும், ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. சாக்பீஸ் குறியிட்ட இடங்களை அடுத்த வருடம் அதே கோணத்தில் படம் எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறை பெரிதாகியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி கத்தியை எடுத்தால் போதும்.